யூத சமூகத்துக்கு பணம் கொடுக்குற ஒரு ஃபவுண்டேஷன நடத்தறதுன்னா என்ன?

கேள்வி இதுதான்: அமெரிக்காவுல யூத ஸ்கூல், சம்மர் கேம்ப், சினகாக் (யூத வழிபாட்டு இடம்)னு சமூக வேலைகளுக்கு பணம் கொடுக்குற ஃபவுண்டேஷன் நிறைய இருக்கே, அதுக்கு தலைவரா இருக்கறவர் செக்ல கையெழுத்து போடறத தவிர என்ன பண்றார்?

நான் நியூ ஜெர்சியில நான்-ப்ராஃபிட் அமைப்புகளுக்கு கணக்கு பாக்குற வேலையில இருக்கேன், 14 வருஷமாச்சு. என் கிளையண்ட்ல யூத ஸ்கூலும் உண்டு, கேம்ப்பும் உண்டு, அதனால பணம் வாங்குற பக்கத்துல உக்காந்து இந்த தலைவர்கள நிறைய பாத்திருக்கேன், அவங்க வரலாற தேடி தேடி படிச்சும் இருக்கேன். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

முதல்ல ஒரு குழப்பத்த தீத்துடலாம். ஃபெடரேஷன் வேற, ஃபவுண்டேஷன் வேற. ஃபெடரேஷன்ங்கறது ஊர் பொதுப்பணம், ஒரு நகரத்துல இருக்குற யூதர்கள்கிட்ட வருஷா வருஷம் வசூல் பண்ணி அந்த ஊர் முதியோர் இல்லம், ஸ்கூல், வெளிநாட்டு உதவின்னு பிரிச்சு கொடுக்கறது. பாஸ்டன்ல 1895ல ஆரம்பிச்சதுதான் அமெரிக்காவுல முதல்னு சொல்வாங்க. அங்க தலைவர் தப்பு பண்ணினா அடுத்த வருஷ வசூல் குறையும், ஜனங்க முகத்துக்கு நேரா கேப்பாங்க. தனியார் ஃபவுண்டேஷன் அப்படி இல்ல. ஒரு குடும்பமோ ஒரு ஆளோ சம்பாதிச்ச பணம், அதை ஒரு போர்டு நிர்வகிக்குது, சட்டப்படி வருஷத்துக்கு சொத்து மதிப்புல சுமார் 5% வெளிய போகணும், அவ்வளவுதான் கட்டாயம். ஓட்டு போட்டு யாரும் தேர்ந்தெடுக்கல, ஓட்டு போட்டு இறக்கவும் முடியாது. இவ்வளவு அதிகாரம் கையில இருக்கறப்ப அதை எப்படி பிடிச்சுக்கறது, எப்போ கைய விடறதுங்கறதுதான் அந்த தலைவரோட உண்மையான வேலைன்னு நான் நினைக்கறேன். மத்ததெல்லாம் ஆபீஸ் வேலை.

தர்மப்பணத்தோட அதிகாரம் ஒருத்தர் கையில சேந்துடுமேங்கற பயம் யூதர்களுக்கு புதுசு இல்ல, அதுதான் எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம். கிபி 200 வாக்குல தொகுத்த யூத சட்ட நூலான மிஷ்னாவுல பெயான்னு ஒரு பகுதி இருக்கு, பெயான்னா வயல் ஓரம், ஏழைகளுக்காக அறுக்காம விடற பகுதி. அதுல ஊர் தர்மப்பெட்டிய பத்தி ஒரு விதி வருது: வசூல் பண்ண 2 பேர் போகணும், பிரிச்சு கொடுக்க 3 பேர் உக்காரணும். ஏன்னு மிஷ்னாவுக்கு பின்னால வந்த விளக்க நூலான தல்மூத் சொல்லுது. ஊர்க்காரங்க மேல அதிகாரம் செலுத்தற வேலைய ஒருத்தர் தனியா செய்யக்கூடாது, அதனால வசூலுக்கு 2. யாருக்கு எவ்வளவுன்னு முடிவு பண்றது பண வழக்குல தீர்ப்பு சொல்ற மாதிரி, பண வழக்குக்கு 3 நீதிபதி வேணும், அதனால இதுக்கும் 3. அதோட விடல. வசூலுக்கு போற கப்பாய், அதாவது தர்மப்பண பொறுப்பாளி, வழியில கீழ கிடந்த காச எடுத்தா கூட தன் பாக்கெட்ல போடக்கூடாது, தர்மப்பைலதான் போடணும், ஏன்னா பாக்கறவன் இவன் தர்மக்காச எடுத்துக்கிட்டான்னு நினைச்சிடுவான். வாங்க ஏழை யாரும் இல்லாத நேரத்துல சில்லறைய மாத்தி வைக்கணும்னா வெளியாள்கிட்டதான் மாத்தணும், தன்கிட்டயே மாத்திக்கக்கூடாது. நான் ஆடிட்டர்களோட உக்காந்து வேலை பாக்கறவன், இன்னைக்கு நாங்க இன்டர்னல் கன்ட்ரோல், கான்ஃப்ளிக்ட் ஆஃப் இன்ட்ரஸ்ட்னு பெரிய பேர் வச்சு பக்கம் பக்கமா எழுதற பாலிசிய இவங்க சில வரியில எழுதி வச்சிருக்காங்க. தர்மத்துக்கு அவங்க சொல்ற வார்த்தை செதாக்கா, அதோட வேர் நீதிங்கற சொல். இரக்கப்பட்டு கொடுக்கறது இல்ல, கொடுக்கறது கடமை, அதனாலதான் கொடுக்கற ஆளுக்கும் இவ்வளவு கட்டுப்பாடு.

பெரிய பணம் வந்தப்ப இந்த 2 பேர் 3 பேர் விதிக்கு என்ன ஆச்சுன்னு பாக்க 1914க்கு போகணும். ஆகஸ்ட் கடைசியில கான்ஸ்டான்டினோபிள்ல இருந்த அமெரிக்க தூதர் ஹென்றி மோர்கெந்தாவ், நியூயார்க்ல இருந்த பேங்கர் ஜேக்கப் ஷிஃப்புக்கு தந்தி அடிக்கறார், உலகப்போர் ஆரம்பிச்சதால பாலஸ்தீனத்துல இருக்குற யூதர்கள் பட்டினியில இருக்காங்க, 50,000 டாலர் உடனே வேணும்னு. பணம் சேந்து அமெரிக்க போர்க்கப்பல்ல தங்கமா போச்சு. ஆனா அதுக்கு பின்னால ஐரோப்பாவுலேயும் லட்சக்கணக்குல ஜனங்க தவிக்கறாங்க, பெரிய நிவாரண அமைப்பு தேவைப்படுது, அங்கதான் சிக்கல். ஜெர்மனியில இருந்து முன்னாடியே வந்து செட்டிலான பணக்கார யூதர்களுக்கு ஒரு கமிட்டி, ஆச்சாரமான ஆர்தடாக்ஸ் ஆட்களுக்கு ஒரு கமிட்டி, கொஞ்ச நாள்ல தையல்கடை தொழிலாளிகள், சோஷலிஸ்ட்கள் சேந்து தனியா ஒண்ணு. ஒருத்தர் சமையல இன்னொருத்தர் சாப்பிட மாட்டார், ஒருத்தர் அரசியல் இன்னொருத்தருக்கு ஆகாது. இவங்க வசூல தனித்தனியா வச்சுக்கிட்டு, பிரிச்சு கொடுக்கறத மட்டும் சேந்து செய்வோம்னு ஒத்துக்கிட்டாங்க, அதனாலதான் அந்த அமைப்புக்கே ஜாயின்ட் டிஸ்ட்ரிப்யூஷன் கமிட்டின்னு பேர், சுருக்கமா ஜாயின்ட். முதல் சேர்மன் ஃபெலிக்ஸ் வார்பர்க், ஷிஃப்போட மருமகன், அதே பேங்க்ல பார்ட்னர். அவர் நினைச்சிருந்தா பணக்கார கமிட்டி சொல்றதுதான் சட்டம்னு நடத்தியிருக்கலாம், ஆனா 3 தரப்பையும் ஒரே மேசையில உக்கார வச்சார். ஜாயின்ட் 100 வருஷம் தாண்டி இன்னைக்கும் ஓடுது.

சரி, இப்போ நான் மனசார மதிக்கற ஒரு கேஸுக்கு வரேன், அவி ஹாய் ஃபவுண்டேஷன். ஹீப்ரூல அவி ஹாய்னா "என் அப்பா உயிரோட இருக்கார்". ஸல்மன் பெர்ன்ஸ்டைன்னு ஒருத்தர், வால் ஸ்ட்ரீட்ல 1967ல தன்னோட இங்கிலீஷ் பேர்லயே சான்ஃபோர்ட் பெர்ன்ஸ்டைன்னு இன்வெஸ்ட்மென்ட் கம்பெனி ஆரம்பிச்சு பெரிய ஆளானவர். அப்பா இறந்தப்ப அவருக்காக கதீஷ் சொல்லணும்னு சினகாக் போக ஆரம்பிச்சார். கதீஷ்ங்கறது அப்பா அம்மாவுக்காக பிள்ளைங்க 11 மாசம் தினமும் சொல்ற பிரார்த்தனை, தனியா வீட்ல உக்காந்து சொல்ல முடியாது, 10 பேர் கூடின இடத்துலதான் சொல்லணும். அப்படி தினமும் 10 பேரோட நின்னு நின்னு அந்த மனுஷன் வாழ்க்கையே மாறுச்சு, ஆச்சாரத்துக்குள்ள வந்தார், 1984ல இந்த ஃபவுண்டேஷன ஆரம்பிச்சார், பின்னாடி ஜெருசலேமுக்கே குடி போனார். இந்த பேரோட அர்த்தம் தெரிஞ்ச பிறகு அவங்க அறிக்கைய படிச்சா வேற மாதிரி இருக்கும்.

அவர் வச்ச நோக்கம் ரெண்டு. யூதர்கள் தங்களோட மரபையும் சட்டத்தையும் புரிஞ்சு கடைப்பிடிக்கணும், வேற வேற பிரிவு யூதர்கள் ஒருத்தர ஒருத்தர் மதிக்கணும். ஆஸ்பத்திரி, ஏழைகளுக்கு சாப்பாடுன்னு போகாம இது ரெண்டுதான்னு கோடு போட்டாங்க. அமெரிக்காவுல டே ஸ்கூலும் கேம்ப்பும்தான் அவங்க பிரதானமா எடுத்தது. டே ஸ்கூல்னா காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் கணக்கு, சயின்ஸோட தோரா (யூத வேதம்), ஹீப்ரூ எல்லாம் சேத்து சொல்லித்தர்ற முழுநேர ஸ்கூல், ஃபீஸ் வருஷத்துக்கு 20,000 டாலர் தாண்டற ஸ்கூல் எத்தனையோ இருக்கு, 3 பிள்ளை இருக்கற வீட்டுக்கு அது எவ்வளவு பாரம்னு சொல்லவே வேண்டாம்.

இதுல அவங்க செஞ்ச ஒரு காரியத்த நான் எல்லார்கிட்டயும் சொல்லுவேன். ஸ்கூல் கட்டடத்துக்கு தானம் கேட்டு வந்தவங்களுக்கு தானம் கொடுக்காம வட்டியில்லா கடன் கொடுத்தாங்க, 1990கள் கடைசியில இருந்து. 12வது நூற்றாண்டுல யூத அறிஞர் மைமோனிடஸ் தர்மத்த 8 படியா பிரிச்சு எழுதினப்ப, உச்சிப் படியில வச்சது கடன் கொடுத்தோ, கூட்டு சேந்தோ, வேலை கொடுத்தோ ஒருத்தன இன்னொருத்தர்கிட்ட கை நீட்ட வேண்டாத நிலைமைக்கு கொண்டு வர்றதத்தான். நியூயார்க்ல வந்திறங்கின அகதிகளுக்காக ஹீப்ரூ ஃப்ரீ லோன் சொசைட்டி 1892லயே வட்டியில்லா கடன் கொடுக்க ஆரம்பிச்சுது. அதே பழைய புத்திதான் இங்க பெரிய அளவுல வந்தது, திரும்பி வர்ற பணம் அடுத்த ஸ்கூலுக்கு போகும். என் தொழில்ல பாத்தா இதுல இன்னொரு நன்மையும் இருக்கு, கடன் வாங்கற ஸ்கூல் போர்டு தன்னோட வரவு செலவ உக்காந்து ஒழுங்கா பாத்தே ஆகணும், தானத்துக்கு அந்த கட்டாயம் வர்றதில்ல.

அப்பறம் கணக்கெடுப்பு. மார்வின் ஷிக்னு ஒருத்தர வச்சு 5 வருஷத்துக்கு ஒரு தடவ அமெரிக்கா முழுக்க டே ஸ்கூல் பிள்ளைங்கள எண்ணினாங்க. 1998ல சுமார் 1,85,000, 2013ல சுமார் 2,55,000. கேக்க சந்தோஷமா இருக்கு இல்ல? ஆனா அதே அறிக்கையில, இந்த வளர்ச்சியில பெரும்பங்கு ஹசிடிக், யெஷிவான்னு ரொம்ப ஆச்சாரமான ஆர்தடாக்ஸ் குடும்பங்கள்ல பிள்ளைங்க அதிகமா பிறக்கறதால வந்தது, ஆர்தடாக்ஸ் அளவுக்கு ஆச்சாரம் இல்லாத கன்சர்வேட்டிவ் பிரிவோட ஷெக்டர் ஸ்கூல்கள்ல பிள்ளைங்க எண்ணிக்கை அதே காலத்துல ஏறக்குறைய பாதியா குறைஞ்சிருக்குன்னு மறைக்காம போட்டாங்க. இந்த ஃபவுண்டேஷன் காசு கொட்டினதே ஆர்தடாக்ஸ் இல்லாத குடும்பங்களும் டே ஸ்கூலுக்கு வரணும்னுதான், அந்த இடத்துலயே கணக்கு கீழ போகுது, அதை சொந்த செலவுல எண்ணி சொந்த பேர்ல வெளியிட்டாங்க. தலைமைன்னு நான் சொல்றது இதைத்தான். எத்தனையோ இடத்துல நல்ல நம்பர் மட்டும் பளபளன்னு அச்சாகும், கெட்ட நம்பர் அலமாரியில தூங்கும், நான் கண்ணால பாத்திருக்கேன்.

பெர்ன்ஸ்டைன் 1999 ஜனவரியில இறந்துட்டார். அவருக்கு அப்பறம் சேர்மன் ஆனவர் ஆர்தர் ஃப்ரீட், அதுக்கு முன்னாடி ரோத்ஸ்சைல்ட் குடும்பத்தோட யாத் ஹனாதிவ் ஃபவுண்டேஷன பல வருஷம் நடத்தினவர், பிறகு ஸல்மனோட மனைவி மெம் பெர்ன்ஸ்டைன். வட அமெரிக்க வேலைய யோசி ப்ரேகர் கடைசி வரைக்கும் பாத்துக்கிட்டார். நிறுவனர் போன பிறகு டிரஸ்டிகளுக்கு ரெண்டு வழி இருந்துச்சு, பணத்த முதலீட்ல வச்சு 5%, 5%னு காலாகாலத்துக்கும் கொடுத்துக்கிட்டே இருக்கலாம், இல்லேன்னா நிறுவனர நேர்ல தெரிஞ்சவங்க உயிரோட இருக்கும்போதே எல்லாத்தையும் செலவழிச்சு மூடலாம். ஸல்மனோட விருப்பம் ரெண்டாவதுதான், தன்ன பாத்தே இராத ஒரு போர்டு 50 வருஷம் கழிச்சு தன் பேர்ல வேற எதையோ செய்யறத அவர் விரும்பல. 2020க்குள்ள முடிச்சிடறதுன்னு டிரஸ்டிகள் 2000களோட நடுவுலயே தீர்மானிச்சு, அத வெளிப்படையா சொல்லவும் செஞ்சாங்க. அதாவது பணம் வாங்கற ஒவ்வொரு ஸ்கூலுக்கும் கேம்ப்புக்கும் கடைசி தேதி 10 வருஷத்துக்கு மேல முன்கூட்டியே தெரியும்.

மூடறது எப்படிங்கறதையும் மறைக்கல, ட்யூக் யுனிவர்சிட்டி பேராசிரியர் ஜோயல் ஃப்ளைஷ்மன கூப்பிட்டு, உள்ள வந்து பாருங்க, என்ன தப்பு பண்றோம்னு எழுதுங்கன்னு விட்டாங்க, அவர் தொடர்ந்து அறிக்கை எழுதினார். அதுல ஒரு உண்மை தெளிவா வருது. அவி ஹாய் ஆரம்பத்துல இருந்தே தானே திட்டம் போட்டு தானே நடத்தற பழக்கம் உள்ள ஃபவுண்டேஷன், எது தேவைன்னு எங்களுக்கு தெரியும்ங்கற மாதிரி. அதனால மத்த டோனர்கள், சரி அவி ஹாய் பாத்துக்கும்னு ஒதுங்கி நின்னாங்க. மூடப்போற நேரத்துல திரும்பிப் பாத்தா பக்கத்துல ஆள் கம்மி. அப்பறம்தான் கூட்டாளி தேடறது, மேட்சிங் கிராண்ட் (மத்தவங்க போடற அளவுக்கு நாங்களும் போடறோம்ங்கற பணம்) வைக்கறது, பணம் வாங்கற அமைப்புகளே சொந்தமா பணம் திரட்ட கத்துக்கொடுக்கறதுன்னு வேகமா இறங்கினாங்க. டே ஸ்கூல்களுக்குன்னு 5 தனித்தனி அமைப்பு இருந்தத ஒண்ணாக்கி 2016ல ப்ரிஸ்மான்னு ஒரே அமைப்பா ஆக்கினதுல அவங்க பணமும் இருக்கு. 2 பேர் வசூல், 3 பேர் விநியோகம்னு ஆரம்பத்துல சொன்னேனே, அந்த பாடத்த அவி ஹாய் மாதிரி நல்ல ஃபவுண்டேஷன் கூட தாமதமாத்தான் படிச்சுது. 2019 கடைசியில வட அமெரிக்க கிராண்ட் நின்னுச்சு. ஜெருசலேம்ல கிங் ஜார்ஜ் தெருவுல 2007ல திறந்த பேத் அவி ஹாய் கலாச்சார மையம் மட்டும் இன்னைக்கும் நடக்குது.

மத்தவங்கள வேகமா சொல்லிடறேன். கனடாவோட சார்ல்ஸ் ப்ரான்ஃப்மேனும் அவர் மனைவி ஆண்ட்ரியாவும் ஆரம்பிச்ச ஃபவுண்டேஷனும் இப்படித்தான் 2016ல திட்டம் போட்டு மூடிச்சு. அதே ப்ரான்ஃப்மேன் மைக்கேல் ஸ்டைன்ஹார்ட்டோட சேந்து 1999ல ஆரம்பிச்சதுதான் பர்த்ரைட், யூத இளைஞர்கள 10 நாள் இலவசமா இஸ்ரேலுக்கு கூட்டிட்டு போற திட்டம், 8 லட்சத்துக்கும் மேல போயிட்டு வந்துட்டாங்க. 1990ல எடுத்த ஒரு தேசிய சர்வேயில, சமீபத்துல கல்யாணம் ஆன யூதர்கள்ல பாதிப்பேர் யூதர் அல்லாதவங்கள கட்டியிருக்காங்கன்னு வந்து சமூகமே கலங்கிப்போச்சு, அந்த கலக்கத்துல பிறந்த திட்டங்கள்ல இது ஒண்ணு. டல்சா ஊர்ல லின் ஷுஸ்டர்மன், கணவர் சார்ல்ஸ் 2000ல இறந்த பிறகு தானே தலைமை எடுத்து, தள்ளாடிக்கிட்டிருந்த பிபிஒய்ஓ இளைஞர் அமைப்பு 2002ல தனியா நிக்கறதுக்கு தோள் கொடுத்தாங்க. இப்போ மக ஸ்டேசி சேர்மன்.

2008 டிசம்பர பேசாம இத முடிக்க முடியாது. முதலீட்டாளர்கள் பணத்துல பெரிய மோசடி பண்ணின பெர்னி மேடாஃப் பிடிபட்ட மாசம். யூத ஃபவுண்டேஷன்கள், அமைப்புகள் எத்தனையோ அவர்கிட்ட பணம் போட்டிருந்தாங்க, நம்ம ஆள், சினகாக்ல தெரிஞ்ச ஆள், பெரிய பெரிய போர்டுல இருக்கற ஆள்ங்கற நம்பிக்கையில. எழுத்தாளர் எலி வீசலோட ஃபவுண்டேஷன் சுமார் 1 கோடியே 52 லட்சம் டாலர இழந்துச்சு, சேய்ஸ் குடும்ப ஃபவுண்டேஷன் மூடியே போச்சு. மாசசூசெட்ஸ்ல ராபர்ட் லாப்பின் ஃபவுண்டேஷன், ஊர் பிள்ளைங்கள இஸ்ரேலுக்கு அனுப்பிக்கிட்டிருந்தது, ஒரே நாள்ல கதவ சாத்தி ஸ்டாஃப வீட்டுக்கு அனுப்பிச்சு. இங்க மோசடி பண்ணினது மேடாஃபும் அவர் கூட்டாளிகளும், ஏமாந்த போர்டு ஆட்கள்ல பெரும்பாலானவங்க நல்லவங்க. ஆனா தர்மப்பைய பிடிச்சவர பாத்து ரெண்டாவது ஆள் எங்கன்னு யாரும் கேக்கல. லாப்பின்கிட்ட எனக்கு மரியாதை இருக்கு, ஏன்னா ஊழியர்களோட ஓய்வூதிய சேமிப்பும் அதோட போயிடுச்சு, அவர் மறு வருஷமே தன் சொந்த கையில இருந்து சுமார் 50 லட்சம் டாலர் போட்டு அதை திருப்பிக் கொடுத்தார், அப்போ அவர் சொத்துலயும் பெரும்பகுதி போயிருந்த நேரம்.

தினசரி வேலை என்னன்னு கேட்டா, ஒரு நல்ல ஃபவுண்டேஷன் சிஇஓவோட நாள்ல பாதி மத்தவங்க சொல்றத காது கொடுத்து கேக்கறதுலயே போகும். நிறுவனர் குடும்பத்துல அண்ணன் தங்கச்சி ஒத்துப்போகாம இருக்கலாம், பேரப்பிள்ளைக்கு தாத்தா நோக்கத்துல ஆர்வம் இல்லாம இருக்கலாம், அத சமாளிக்கணும். இந்த பக்கம் பணம் கேட்டு வர்ற ரப்பை (யூத மதகுரு), பிரின்சிபல் எல்லாரும் சிரிச்ச முகமாத்தான் வருவாங்க, யாரும் அவர்கிட்ட முழு உண்மைய சொல்ல மாட்டாங்க, அந்த சிரிப்புக்கு பின்னால என்ன இருக்குன்னு அவராத்தான் கண்டுபிடிக்கணும். இல்லைன்னு சொல்ற லெட்டர சீக்கிரம் அனுப்பணும், ஆறு மாசம் இழுத்தடிக்கறது ஒரு சின்ன ஸ்கூலுக்கு நேரடியா இல்லைன்னு சொல்றத விட அதிக சேதம், அந்த ஆறு மாசமும் அவங்க பட்ஜெட் அந்தரத்துல தொங்கும்.

என் சொந்த அனுபவத்துல ஒண்ணு சொல்றேன். ஒரு சின்ன ஸ்கூல், பேர் வேண்டாம். ஒரு குடும்ப ஃபவுண்டேஷன் 3 வருஷம் ஹீப்ரூ டீச்சருக்கு சம்பளம் கொடுத்துச்சு, ரொம்ப நல்ல டீச்சர், பிள்ளைங்க கேன்டீன்ல கூட ஹீப்ரூல சண்டை போட்டாங்க. 4வது வருஷம் என்னன்னு யாரும் பேசல, அவங்களும் சொல்லல, இவங்களும் பயந்து கேக்கல. மூணாவது வருஷ மே மாசம் ஒரு மரியாதையான கடிதம் வந்துச்சு, எங்க முன்னுரிமைகள் மாறியிருக்குன்னு. ஸ்ப்ரெட்ஷீட்ல அந்த டீச்சர் சம்பள வரிய பூஜ்யம் ஆக்கினது என் கைதான், அடுத்த வாரம் அந்த அம்மா ஸ்டாஃப் ரூம்ல தன் புத்தகங்கள பெட்டியில அடுக்கிக்கிட்டிருந்தாங்க.

அதுக்கப்பறம் எந்த கிளையண்டுக்கு கிராண்ட் லெட்டர் வந்தாலும் தொகைய பாக்கறதுக்கு முன்னாடி கடைசி பக்கத்த திருப்பி முடிவு தேதி என்ன போட்டிருக்குன்னு பாக்கறேன், போடலைன்னா அன்னைக்கே பிரின்சிபல உக்கார வச்சு அந்த ஃபவுண்டேஷனுக்கு போன் போட வைக்கறேன். போன் எடுக்கறவர் கூச்சப்படாம தேதிய சொல்லி, அதுக்கு அப்பறம் யார்கிட்ட போகலாம்னு வேற ரெண்டு பேரோட பேரையும் சேத்து சொன்னார்னா, அங்க ஒரு தலைவர் இருக்கார்.